மேஜருக்கு ஒரு துணை

மேஜர் வாயைத் திறக்கவில்லை.

நோர்மா கரண்டியை அதன் உதட்டோரம் கொண்டுபோனாள். மேஜர் தலையை இடப்பக்கம் திருப்பியது. கரண்டி இடப்பக்கம் போனது. தலை வலப்பக்கம் வந்தது. அரைத்த கோழிக் கஞ்சி முழங்கை வழியாக வழிந்து அவளுடைய சட்டைக் கைக்குள் இறங்கியது.

"பிடரியைப் பிடி, அக்கா" என்றான் ஹெட்லி.

"பிடிச்சுதான் இருக்கேன்."

"அப்படி இல்ல. இன்னும் கொஞ்சம் மேல."

"நீ பிடிக்கிறியா?"

ஹெட்லி தன் கையைக் குனிந்து பார்த்தான். அவனுடைய வலது கை கழுத்திலிருந்து துணித் தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் கூரைக் கல் ஒன்று பெயர்ந்து விழுந்ததில் காறை எலும்பு இரண்டாகிவிட்டது. ஒற்றைக் கையால் டீ குடிக்கலாம். பேப்பர் படிக்கலாம். அக்காவுக்கு யோசனை சொல்லலாம். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஃபெரட்டுக்கு ஊட்ட முடியாது.

ஃபெரட்டைப் பார்க்காதவர்கள் கீரியை நினைத்துக்கொள்ளலாம். அந்த நீளம், அந்த வளைவு. வாசனைக்கு மட்டும் மரநாயை நினைத்துக்கொள்ள வேண்டும். மேஜர் கடுவன். கிழடு. மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் அதனுடைய ஜோடி குவீனி செத்துப்போனது. இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்தவை. ஒரே கூண்டில், ஒரே வைக்கோலில், ஒன்றின் வயிற்றில் மற்றது தலை வைத்துத் தூங்கியவை. குவீனியைப் புதைத்த அன்று மேஜர் சாப்பாட்டுக் கிண்ணத்தை மோந்து பார்த்தது. திரும்பி வைக்கோலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு கரண்டியால் ஊட்டினால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

மிருக டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பல்லைப் பார்த்தார்.

"நோய் ஒண்ணும் இல்லை. மனசு விட்டுப்போச்சு. எத்தனை நாளைக்கு நீங்க ஊட்டுவீங்க? இந்த எடையில இந்தக் குளிரை அவன் தாங்க மாட்டான். சனிக்கிழமை காலையில வாங்க. அதுக்குள்ள அவனா சாப்பிட ஆரம்பிச்சா நல்லது. இல்லேன்னா ஒரே ஒரு ஊசி. வலி தெரியாம போயிடுவான்."

ஹெட்லி சரி என்று தலையாட்டினான். வீட்டுக்கு வருகிற வழி முழுக்க பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். தம்பி அழுதால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான் என்பது நோர்மாவுக்குத் தெரியும். அதனால் அவளும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

குவீனி போனதிலிருந்தே கரண்டி அவள் கையில். விடிவதற்கு முன் ஒரு தடவை. பிறகு பள்ளிக்கூடச் சமையலறை. உருளைக்கிழங்கு மலை. மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடும் இடைவெளியில் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்து ஒரு தடவை. சாயங்காலம். படுக்கும் முன். அலாரம் வைத்து எழுந்து இன்னொரு தடவை. பகல் முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. மிச்ச நேரம் முழுக்க ஒரு ஃபெரட்டுக்கு. நடக்கும்போதே கண் சொருகியது. போன வாரம் கஸ்டர்டில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைக் கொட்டிவிட்டாள். பிள்ளைகள் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இவனுக்கு ஒரு துணை வேணும்க்கா" என்றான் ஹெட்லி. "துணை இருந்தா சாப்பிடுவான்."

"எனக்கும்தான் வேணும். ஒரு கை."

*

க்ளெம் ஹிண்ட்மார்ஷ் கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. உள்ளே வந்த பிறகுதான் கத்துவான்.

"யாராவது உயிரோட இருக்கீங்களா?"

"பாதி" என்றாள் நோர்மா.

க்ளெம் பின்தெருக்காரன். ஹெட்லியோடு ஒரே ஷிஃப்ட். அவன் கொல்லையில் ஃபெரட்டுகளை எண்ண முடியாது. அவன் மனைவி எண்ணச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். புதன்கிழமை சாயங்காலம் கக்கத்தில் ஒரு மரப்பெட்டியோடு வந்து நின்றான். பெட்டிக்குள் எதுவோ பலகையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது.

"என்னக்கா, கண்ணுக்குக் கீழே நிலக்கரி வெட்டலாம் போலிருக்கே. இவனுக்குப் பதிலா நீ ஷிஃப்டுக்கு வாயேன்."

"காலைத் துடைச்சிட்டுப் பேசு."

பெட்டி திறந்தது. மணல் நிறத்தில் ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது. டாஃபி. இளம் பெட்டை. கையளவு உடம்பு, அதற்குள் ஒரு நாய் அளவுக்குத் துடுக்கு. வெளியே வந்த வேகத்தில் ஹெட்லியின் தூளிக்குள் புகுந்து முதுகுப் பக்கமாக வெளியே வந்தது.

"இது இரவல்தான், மாப்ளே" என்றான் க்ளெம். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா இவ இங்கேயே இருக்கட்டும். உன் கிழவன் இவளைக் குதறினான்னா தூக்கிட்டுப் போயிடுவேன். என்கிட்ட இருக்கறதுலயே நல்ல பெட்டை இவதான், சொல்லிட்டேன்."

"அப்ப ஏண்டா இவளைக் கொண்டாந்தே? சுமாரா ஒண்ணைக் கொண்டாந்திருக்கலாமே?" என்றான் ஹெட்லி.

க்ளெம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "என் பெட்டைங்களை மேஜர் எத்தனை தடவை மண்ணுக்குள்ளேருந்து மீட்டுக் கொடுத்திருக்கான். அவனுக்குப் போய் சுமாரா ஒண்ணா?"

நோர்மா டீ வைக்க எழுந்தாள்.

முதல் பிரச்சினை இடம். இரண்டு ஃபெரட்டுகளை முதன்முதலாகச் சந்திக்க வைப்பது என்றால் இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரன், விருந்தாளி என்று ஆகிவிடும். ரத்தம் பார்க்காமல் முடியாது. கொல்லை மேஜருடையது. சமையலறை மேஜருடையது. மாடிப்படி, அதன் கீழே செருப்பு வைக்கிற பொந்து, எல்லாமே மேஜருடையது.

"முன்னறை" என்றான் ஹெட்லி.

நோர்மாவின் கையிலிருந்த கெண்டி அப்படியே நின்றது.

"என்ன சொன்னே?"

"முன்னறைதான்க்கா. அங்க மட்டும்தான் அவன் போனதில்ல."

"அவன் மட்டுமா? நானே அங்க உட்கார்ந்ததில்ல! பாதிரியார் வந்தா உட்காருவார். அம்மா செத்தப்ப சவப்பெட்டியை அங்கதான் வெச்சோம். பச்சை வெல்வெட் சோபாடா அது. அம்மா துடைச்சுத் துடைச்சு வெச்சிருந்தது."

"நீயே உட்கார்ந்ததில்லைன்னா" என்றான் க்ளெம் யோசனையாக, "அது நிஜமாவே யாருக்கும் சொந்தமில்லாத இடம்தானே, அக்கா?"

நோர்மா அவனைப் பார்த்த பார்வையில் அடுப்பு இல்லாமலே கெண்டித் தண்ணீர் கொதித்திருக்கும். ஆனால் வாதாடத் தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை. சாவியை எடுத்து மேசைமேல் வீசினாள்.

அடுத்த பிரச்சினை பாதுகாப்பு.

"சண்டை வந்தா ஒத்தைக் கையால எப்படிப் பிரிப்பேன்?" என்றான் ஹெட்லி. "கயிறு போட்டுடலாம்."

"போட்டுடு" என்றான் க்ளெம். "அதான் நல்லது."

ஊரில் மேஜருக்கு இன்னொரு பெயர் உண்டு: கயிற்றுக்காரன். முயல் வளைக்குள் பெட்டையைத்தான் அனுப்புவார்கள். பெட்டை முயலை விரட்டும். முயல் வெளியே பாய்ந்து வலையில் விழும். சில நாள் பெட்டை உள்ளேயே முயலைக் கொன்று, வயிறு முட்டத் தின்று, அங்கேயே சுருண்டு தூங்கிவிடும். மேலே ஆட்கள் மழையில் நிற்க வேண்டியதுதான். அப்போதுதான் மேஜருக்கு அழைப்பு வரும். கழுத்தில் தோல் பட்டை. பட்டையில் நீளக் கயிறு. மேஜர் உள்ளே போகும். தூங்கும் பெட்டையைக் கடித்து விரட்டும். செத்த முயலின்மேல் தானே ஏறி உட்கார்ந்துகொள்ளும். கயிறு போன திக்கில் தோண்டினால் வேலை முடிந்தது. விரட்டப்பட்ட பெட்டை அலறிக்கொண்டு ஏதாவது ஒரு பொந்து வழியாக வெளியே வந்திருக்கும். சுற்றுவட்டாரத்தில் இந்த வேலையில் மேஜரை மிஞ்ச ஆள் கிடையாது.

அதே பட்டையை நோர்மா மேஜரின் கழுத்தில் மாட்டினாள். ஹெட்லி கயிற்றின் முனையை இடது கையில் சுற்றிக்கொண்டான். முன்னறைக் கதவைச் சாத்தினார்கள். க்ளெம் டாஃபியைக் கம்பளத்தில் இறக்கிவிட்டான்.

டாஃபி ஒரு துள்ளு துள்ளி, பக்கவாட்டில் குதித்து, வா விளையாடலாம் என்பதுபோல் முதுகை வளைத்தது.

மேஜர் விளையாடவில்லை.

ஒரு சீறல். அடுத்த நொடி டாஃபியின் கழுத்து மேஜரின் வாயில். டாஃபியின் அலறல் எதிர்வீட்டு ஜன்னல்வரை கேட்டது. ஹெட்லி கயிற்றை இழுத்தான். மேஜர் வந்தது, டாஃபியும் சேர்ந்தே வந்தது. க்ளெம் பாய்ந்து தாடையைப் பிரித்தான். இரண்டும் பயத்தில் தங்கள் பின்பக்கத்து நாற்றத்தைப் பீய்ச்சி அடித்துவிட்டன. பாதிரியார் உட்காரும் அறை ஒரு நிமிடத்தில் மரநாய்ப் பொந்தாகிவிட்டது.

டாஃபியின் காதோரம் ரத்தம்.

"முதல் நாள் அப்படித்தான்" என்றான் க்ளெம். குரலில் சுருதி இல்லை.

நோர்மா ஒன்றும் சொல்லாமல் போய் வாளியில் சலவைச் சோடாத் தண்ணீர் கொண்டுவந்தாள். மண்டியிட்டுக் கம்பளத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

*

வியாழக்கிழமை ஹெட்லி தெரிந்த தந்திரம் எல்லாவற்றையும் செய்து பார்த்தான். டாஃபியின் வைக்கோலை மேஜருக்கும், மேஜருடையதை டாஃபிக்கும் மாற்றிப் போடச் சொன்னான். நோர்மா போட்டாள். டாஃபியின் பிடரியில் மீன் எண்ணெய் தடவச் சொன்னான். மேஜர் நக்க ஆரம்பித்தால் கடிக்க மறந்துவிடும் என்றான். நோர்மா தடவினாள். ஒரு பாத்திரத்தில் அரைத்த முயல்கறியை நடுவில் வைக்கச் சொன்னான். வைத்தாள்.

"கயிறு?" என்றாள்.

"கயிறு இல்லாமலா? நேத்துப் பார்த்தியே."

பட்டையின் கொக்கி மாட்டிக்கொண்டதும் மேஜரின் முதுகு விறைத்தது. மடியில் அதுவரை துணி மாதிரித் துவண்டு கிடந்த ஜீவன். நோர்மாவின் உள்ளங்கைக்கு அது தெரிந்தது. பயம் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் நினைக்க அவளுக்கு நேரமில்லை.

மீன் எண்ணெயை மேஜர் நக்கவில்லை. முயல்கறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக டாஃபியிடம் போனது. இந்த முறை அது சீறவும் இல்லை. நிதானமாக, வேலை பார்க்கிறவன் மாதிரி, டாஃபியைப் பிடரியில் கவ்வி, கதவுவரை இழுத்துப்போய்க் கதவில் மோதியது. விட்டது. மறுபடி கவ்வியது. மறுபடி கதவு.

"வெளியே போன்னு சொல்றான்" என்றான் ஹெட்லி. முகம் வெளுத்துவிட்டது. "குவீனி இடத்துல இன்னொருத்தியை வேணாங்கிறான்."

இரண்டையும் பிரித்து எடுப்பதற்குள் நோர்மாவின் கட்டைவிரலில் பல் இறங்கிவிட்டது. குழாயைத் திறந்து விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் சிவந்து ஓடியது. அப்படியே நின்றுகொண்டிருக்க வேண்டும்போல் இருந்தது. யாரும் எதுவும் கேட்காத இடத்தில், குழாய் முன்னால்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல."

"நாளைக்கு இன்னொரு தடவை…"

"ஹெட்லி." அவள் திரும்பவில்லை. "இன்னிக்கு மத்தியானம் ஊட்டும்போது நான் என்ன நினைச்சேன் தெரியுமா? செத்துத் தொலைடா, நான் தூங்கணும்னு நினைச்சேன். வாய்விட்டுச் சொல்லியும் இருப்பேன். ஞாபகமில்ல."

ஹெட்லி கதவோரம் நின்றான். நல்ல கையால் கெட்ட கையைத் தாங்கிக்கொண்டு.

"எனக்கும் புரியுதுக்கா. ஆனா சனிக்கிழமை அவனைத் தூக்கிட்டுப் போக என்னால முடியாது. அதை மட்டும் நீ…"

"அதையும் நானே செய்யணுமா?"

கேட்டதற்காக வருத்தப்படக்கூடத் தெம்பில்லாமல் நோர்மா விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை. ஹெட்லிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே. காலை பஸ்ஸிலேயே போய்விட்டான். போகும்போது, "நான் வந்ததும் கடைசியா ஒரு தடவை பார்க்கலாம். அதுவரைக்கும் ரெண்டையும் தனித்தனியா வை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் பாத்திரம் தேய்த்து முடித்து வந்த நோர்மா மேஜரைக் கூண்டிலிருந்து எடுத்தாள். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. வெறும் கையுறையை எடுப்பதுபோல் லேசாக இருந்தது. சமையலறை நாற்காலியைப் பார்த்தாள். முதுகு வேண்டாம் என்றது. ஏற்கெனவே மானம் போன அறைதானே என்று கறிக் கிண்ணத்தோடு முன்னறைக்குப் போய், கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, சோபாவோடு சேர்ந்த பச்சை வெல்வெட் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அது அவள் செய்த தப்பு. மெத்தென்று இருந்தது.

டாஃபியின் பெட்டி அதே அறையில்தான் இருந்தது. டாஃபி பலகையைப் பிறாண்டியது. நிறுத்தாமல் பிறாண்டியது. அந்தச் சத்தம் நேராக நோர்மாவின் நெற்றிக்குள் இறங்கியது. ஒரு துண்டு கறியைப் போட்டால் வாயை மூடும் என்று பெட்டியின் மூடியை விரலளவு திறந்தாள்.

விரலளவு போதுமானதாக இருந்தது. டாஃபி வெளியே வந்துவிட்டது.

மேஜர் மடியிலிருந்து சரிந்து தரையில் இறங்கியது.

நோர்மா பதறி, கணப்பு மாடத்தின் மேலிருந்த பட்டையை எட்டி எடுத்தாள். மேஜரை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தாள். சோடாத் தண்ணீரில் வெடித்த விரல்கள். அதில் ஒன்றில் துணிக் கட்டு. கொக்கி சின்னது. ஒரு தடவை நழுவியது. இரண்டாம் தடவை நழுவியது. அப்புறம் பட்டையே கையை விட்டுத் தவறி, நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தது.

எடுக்க வேண்டும் என்றால் குனிய வேண்டும்.

நோர்மா குனியவில்லை.

"கடிச்சுக்குங்க" என்றாள். "ரெண்டு பேரும் கடிச்சுக்குங்க. எனக்கு என்ன."

டாஃபி பக்கவாட்டில் ஒரு குதி குதித்தது. மேஜர் மூக்கை நீட்டியது. இப்போது, இப்போது என்று நோர்மா கையை நீட்டத் தயாரானாள். ஒரே ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு தயாரானாள்.

*

"அக்கா!"

வெளிச்சம் மாறியிருந்தது. ஜன்னலில் சாயங்காலத்தின் மங்கல். வாசலில் தொப்பியோடு க்ளெம், தூளியோடு ஹெட்லி. பஸ் நிறுத்தத்தில் ஒன்றாக இறங்கியிருப்பார்கள்.

நோர்மாவின் மடி காலியாக இருந்தது.

பெட்டி காலி. கம்பளம் காலி. அறை முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

"எங்கக்கா ரெண்டும்?"

"நான்… ஒரு நிமிஷம்தான் கண்ணை…"

"கயிறு போட்டியா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்று.

ஹெட்லி மண்டியிட்டு நாற்காலிக்கு அடியில் பார்த்தான். பட்டை கிடந்தது, அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். க்ளெம் கணப்புக்குள் கையை விட்டுப் புகைபோக்கியைத் தடவினான். கை கரியானதுதான் மிச்சம். கதவு சாத்தியே இருந்தது. ஜன்னல் சாத்தியே இருந்தது. தரையில் கறிக் கிண்ணம். துடைத்துவைத்ததுபோல் காலி.

"ரத்தம் எதுவும் இல்ல" என்றான் க்ளெம். நல்ல செய்தி சொல்லும் முகம் இல்லை அவனுக்கு. "இல்லாட்டாலும் ஒண்ணும் சொல்ல முடியாது. கழுத்தை உடைச்சா ரத்தம் வராது."

"வாயை மூடுடா!" என்றான் ஹெட்லி.

முதலில் பார்த்தது நோர்மாதான். அம்மாவின் பச்சை வெல்வெட் சோபா. அதன் அடிப்பக்கம் தைத்திருந்த துணியில் ஒரு கிழிசல். கிழிசலுக்கு அந்தப் பக்கம் துணி தொட்டில் மாதிரித் தொங்கியது. தொட்டிலுக்குள் ஏதோ கனம்.

ஆடவில்லை.

ஹெட்லி தரையில் கவிழ்ந்து படுத்து இடது கையைக் கிழிசலுக்குள் விட்டான். அவன் முகம் கம்பளத்தில் அழுந்தியிருந்தது.

"சூடா இருக்கு" என்றான்.

"எது? எத்தனை?"

"தெரியல. எங்க ஒண்ணு முடியுது, எங்க இன்னொண்ணு ஆரம்பிக்குதுன்னு தெரியல."

துணி அசைந்தது. மணல் நிறத் தலை ஒன்று வெளியே வந்து கொட்டாவி விட்டது. அதற்குப் பின்னால், அதன் கழுத்தின்மேல் மோவாயை வைத்தபடி, நரைத்த மூக்கு.

நோர்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அட, கிழட்டுப் பயலே!" க்ளெம் சிரித்துவிட்டான். ஆனால் கிண்ணத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "தூங்கிட்டாங்க, சரி. சாப்பிட்டது யாரு? இவளா இருக்கும். இவ தின்னிப் பண்டாரம். தூங்குறதுக்குத் துணை கிடைச்சா வயிறு நிறைஞ்சுடுமா?"

அது உண்மை. மேஜர் சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. விடிந்தால் சனிக்கிழமை.

ஹெட்லி எழுந்தான். "இன்னொரு கிண்ணம் வை, அக்கா. இப்பவே பார்த்துடலாம்."

நோர்மா சமையலறைக்குப் போய்க் கறியோடு வந்தாள். அவள் திரும்பி வந்தபோது மேஜர் கம்பளத்தில் நின்று உடம்பை முறுக்கிக்கொண்டிருந்தது. டாஃபி அதன் வாலைக் கடித்து இழுத்தது. மேஜர் ஏதோ தூசி பட்டதுபோல் அதை உதறிவிட்டது.

"எதுக்கும் இதைப் போட்டுடு, மாப்ளே" என்று ஹெட்லி பையிலிருந்து பட்டையை எடுத்து க்ளெமிடம் கொடுத்தான். "சாப்பாட்டுல கை வெச்சா கடிப்பான்."

"போட்டுடலாம்."

க்ளெம் மேஜரைத் தூக்கிப் பட்டையைச் சுற்றினான். கொக்கி மாட்டிக்கொண்டது. கீழே விட்டான்.

மேஜர் விறைத்தது.

கிண்ணம் மூக்குக்கு நேரே இருந்தது. மேஜர் அதைத் தாண்டிப் போனது. டாஃபியிடம் போனது. கவ்வியது. டாஃபி வீறிட்டது.

"கழட்டுடா அதை!"

அது நோர்மாவின் குரல். அவ்வளவு பெரிய குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது. க்ளெம் பயந்துபோய் மேஜரை அள்ளிக் கொக்கியை விடுவித்தான். பட்டை கழன்றது. தரையில் இறங்கிய மேஜர் ஒரு கணம் நின்றது. தலையிலிருந்து வால்வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. டாஃபியை முகர்ந்து, தான் கவ்விய அதே இடத்தை இரண்டு தடவை நக்கியது.

டாஃபி அதை ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டுக் கிண்ணத்துக்குப் போனது.

மேஜர் பார்த்துக்கொண்டு நின்றது. டாஃபி சத்தமாகத் தின்றது. தின்னும்போதே கிண்ணத்தை இழுத்துக்கொண்டு போனது. மேஜர் ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. மூக்கைக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தது. அப்புறம் டாஃபியின் தலையைத் தோளால் ஒதுக்கிவிட்டு வாயை உள்ளே விட்டது.

மூன்று பெரியவர்கள் கம்பளத்தில் உட்கார்ந்து ஒரு ஃபெரட் மெல்லும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குவீனி இடத்துல இன்னொருத்தி வேணாம்னு நினைச்சான்னு சொன்னேனே" என்றான் ஹெட்லி மெதுவாக.

"அவன் ஒண்ணும் நினைக்கல" என்றாள் நோர்மா. "நீங்கதான் வேலைக்குன்னு மாட்டிவிட்டீங்க. அவன் வேலையைப் பார்த்தான். பெட்டையை விரட்டுடான்னா விரட்டினான். ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவன் தலையில மறுபடியும் ஹெல்மெட்டை மாட்டிட்டு, ஏண்டா சாப்பிட மாட்டேங்கிறேன்னு கேட்டா?"

"குவீனி கூட வீட்டுல இருக்கும்போது நான் பட்டை போட்டதே இல்லையே" என்றான் ஹெட்லி. "ஒரு நாளும் போட்டதில்லையே." பட்டையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு நாள் நானே அந்தப் பொண்ணைக் கடிக்க விட்டிருக்கேன்."

"நானும்தாண்டா கூட நின்னேன்" என்றான் க்ளெம். "பத்திரம் பத்திரம்னு." அவன் டாஃபியைப் பார்த்தான். டாஃபி இப்போது மேஜரின் முதுகில் ஏறி, அந்தப் பக்கமாகக் கிண்ணத்துக்குள் விழ முயன்றுகொண்டிருந்தது. க்ளெம் கைக்குட்டையால் மூக்கைச் சிந்தினான். காலிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "நாத்தம் தாங்கல இந்த அறையில. நான் கிளம்பறேன். அவ மழை பெஞ்சா வெளியே வரமாட்டா, அதைப் பார்த்துக்க. ராணி மாதிரி."

"சோபா?" என்றான் ஹெட்லி அக்காவிடம், பயந்துகொண்டே.

நோர்மா கிழிசலைப் பார்த்தாள். "தைக்கலாம். இப்ப இல்ல."

*

டெலிபோன் பூத் தெருக்கோடியில் இருந்தது. மிருக டாக்டரின் கிளினிக்கை இன்னும் கொஞ்ச நேரத்தில் மூடிவிடுவார்கள் என்று ஹெட்லி சொன்னான். தானே போகிறேன் என்றும் சொன்னான். ஒற்றைக் கையில் ரிசீவரையும் பிடித்துக் காசையும் போட முடியாது. நோர்மா கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தாள். கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி வந்தன. எதிர்க்காற்று அடித்தது.

ஒரு சின்னப் பெண்ணின் குரல் எடுத்தது.

"நாளைக் காலையில ஒரு அப்பாயிண்ட்மென்ட். ஃபெரட். வேண்டாம்னு சொல்லணும்" என்றாள் நோர்மா.

"காரணம்?"

நோர்மா யோசித்தாள். குவீனி, கூரைக் கல், பட்டை, கொக்கி, தூக்கம் எல்லாம் தொண்டைவரை வந்தன. ஒன்றும் வாக்கியமாகவில்லை.

"பசிச்சிடுச்சு அவனுக்கு."

"சரிங்கம்மா. வேற தேதி குறிச்சுக்கட்டுமா?"

"வேணாம்."

ரிசீவரை மாட்டினாள். பூத்துக்குள் காற்று வரவில்லை. நான்கு பக்கமும் கண்ணாடி. யாரும் எதையும் கேட்கவில்லை. ஊட்ட வேண்டிய வாய் எதுவும் இல்லை. நோர்மா நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சில்லென்று இருந்தது. நன்றாகவும் இருந்தது.

யாரோ வெளியிலிருந்து நாணயத்தால் கண்ணாடியைத் தட்டினார்கள். தலையில் ஸ்கார்ஃபோடு ஒரு பெண் நின்றாள்.

"பேசி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு" என்றாள் நோர்மா, கண்ணைத் திறக்காமல். "கொஞ்சம் நின்னுக்கறேன்."